சமையற்கட்டில் கண்ட மீட்பு

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எங்கள் தலைமுறைக்குப் பதினேழாம் நூற்றாண்டுப் பிரான்சு கிட்டத்தட்டப் பக்கத்து ஊர் மாதிரி. பதினான்காம் லூயி, வெர்சாய் அரண்மனை, கொர்னேய், ரசீன், மொலியேர், பொசுயே ஆண்டகையின் பிரசங்கங்கள், பஸ்கால் என்று பாடம் நடந்தது. லா ஃபோந்தேனின் காக்கையும் நரியும் கதையை இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் வயதுக்காரர்கள் தடையில்லாமல் ஒப்பிப்பார்கள். ஆனால் அதே காலத்தில், அதே பாரிஸ் நகரத்தில், ஒரு மடத்தின் சமையற்கட்டில் பதினைந்து ஆண்டு கரண்டி பிடித்தவர் ஒருவரைப் பற்றி எந்த வாத்தியாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. நான் உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, பிரான்சில் குடியேறிய உறவினர் ஒருவர் விடுமுறைக்கு வந்தபோது கொண்டுவந்த ஒரு சிறு புத்தகத்தின் மூலம்தான் அவரை அறிந்தேன். பிரெஞ்சுக்காரர்கள் அவரை ஃப்ரேர் லொரான் என்பார்கள். ஆங்கிலம் படித்தவர்களுக்கு பிரதர் லாரன்ஸ். நான் லொரான் சகோதரர் என்றே எழுதுகிறேன்.

அவரைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும் எங்கள் வயதுக்காரர்கள், சர்க்கரை, இரத்த அழுத்தம், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் என்று எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு, குரலைத் தாழ்த்திப் பேசுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. "ஆயுசு முழுக்கப் பூசை கண்டோம், பாவசங்கீர்த்தனம் செய்தோம், ஒருசந்தி இருந்தோம். ஆனாலும் நமக்கு மோட்சம் உண்டா இல்லையா என்று மனசு நிம்மதிப்பட மாட்டேன் என்கிறதே." இதைச் சொல்லாத கிழவர்கள் குறைவு. சொல்லாதவர்களும் நினைக்காமல் இல்லை.

சிறுவயதில் ஞானோபதேசத்தில் இரட்சணியம் என்று படித்தோம். நம்முடைய பிரிவினை சபைச் சகோதரர்கள் இரட்சிப்பு என்பார்கள். வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு மீட்பு என்று சொல்லப் பழகிக்கொண்டோம். எந்தச் சொல்லைப் போட்டாலும் போதனை ஒன்றுதான்: அது ஆண்டவர் இலவசமாகக் கொடுத்தது, நாம் சம்பாதித்தது கிடையாது. இதை வாயால் சொல்லாத கிறிஸ்தவன் இல்லை. ஆனால் கொடுத்ததை வாங்கிக்கொண்டு, அதன் சந்தோஷத்தில் அன்றாடம் வாழ்வது என்பது வேறு காரியம். லொரான் சகோதரருக்கு அது பிடிபடவே பல வருஷம் ஆயிற்று. அதனால்தான் அவர் கதை நமக்கு உபயோகமானது.

போர் நடந்த பூமி

அவருடைய சொந்தப் பெயர் நிக்கொலா எர்மான். 1614-ஐ ஒட்டி லொரேன் பகுதியில், லூனெவீல் பட்டணத்துக்கு அருகே எரிமெனில் என்ற கிராமத்தில் பிறந்தார். லொரேன் அன்றைக்குப் பிரான்சோடு சேராத தனி டியூக் ராஜ்யம். 1766-இல்தான் அது பிரெஞ்சு மன்னருக்குச் சொந்தமானது. இந்த மாதிரி நடுவில் மாட்டிக்கொண்ட சிறிய ராஜ்யங்களின் கதி என்ன என்பது புதுச்சேரிக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1618-இல் ஜெர்மானிய நாடுகளில் தொடங்கிய முப்பதாண்டுப் போர் லொரேனையும் மிதித்துத் துவைத்தது. நான்சி நகரத்துச் சித்திரக்காரர் ழாக் கல்லோ, 1633-இல் போரின் அவலங்களைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டார். ஒரே மரத்தில் கொத்துக் கொத்தாக மனிதர்கள் தூக்கில் தொங்கும் படம் அவற்றில் ஒன்று. அந்தப் பூமியிலிருந்து வந்தவர்தான் நம்முடைய நிக்கொலா.

பதினெட்டு வயதில் அவருக்கு ஓர் அனுபவம் ஏற்பட்டது. குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து நின்ற ஒரு மரத்தைப் பார்த்தார். கொஞ்ச நாளில் இது துளிர்க்கும், பூக்கும், காய்க்கும் என்று நினைத்தார். அவ்வளவுதான். சம்மனசு வரவில்லை, சத்தம் கேட்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் நடத்துகிற தெய்வத்தின் பராமரிப்பு அன்றைக்கு மனசில் பதிந்தது, பிறகு அழியவே இல்லை என்று வயதான காலத்தில் சொன்னார்.

அதற்காக உடனே மடத்துக்கு ஓடிவிடவில்லை. பட்டாளத்தில் சேர்ந்தார். ஜெர்மானியத் துருப்புகள் ஒருமுறை அவரை ஒற்றன் என்று பிடித்துத் தூக்கில் போடுவதாக மிரட்டி, பிறகு விட்டுவிட்டார்கள். 1635-இல் சுவீடன் நாட்டுப் படை ராம்பெர்வில்லேர் என்ற சிறுபட்டணத்தைத் தாக்கியபோது காயப்பட்டார். காலில் வந்த கோளாறு சாகும்வரை போகவில்லை. பட்டாளத்தை விட்டபின் சிறிது காலம் ஒரு வனவாசியோடு தபசு செய்ய முயன்றார். மனம் ஒருநிலைப்படவில்லை. பாரிசுக்கு வந்து, அரசாங்கக் கஜானா அதிகாரியான ஃபியுபே என்ற பெரிய மனிதர் வீட்டில் வேலைக்காரனாக அமர்ந்தார். தொட்டதையெல்லாம் உடைக்கிற தடித்தனமான வேலைக்காரன் என்று தன்னைப் பற்றித் தானே பின்னாளில் சிரித்துக்கொண்டு சொல்வாராம்.

1640-இல் பாரிஸ் வொழிரார் தெருவில் இருந்த கார்மெல் சபை மடத்தில் சேர்ந்தார். 1642-இல் வார்த்தைப்பாடு கொடுத்தார். லத்தீன் படித்துக் குருப்பட்டம் பெறுகிறவர்கள் ஒரு வகை. வீட்டுவேலை பார்க்கிற சகோதரர்கள் இன்னொரு வகை. இவர் இரண்டாம் வகை. உயிர்த்தெழுதலின் லொரான் என்று துறவுப் பெயர் கொடுத்து, சமையற்கட்டுக்கு அனுப்பினார்கள். சமையல் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காத வேலை.

பயம் புழங்கிய காலம்

இங்கே அந்தக் காலத்து நிலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் லொரான் சகோதரருடைய உபாதை விளங்கும்.

திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரியில் மீட்பைப் பற்றித் தீர்மானம் செய்தது. மனிதன் நீதிமானாக்கப்படுவது தேவ அருளால், இனாமாக. அதற்கு முன்னால் அவன் செய்யும் எதுவும் அதைச் சம்பாதித்துக் கொடுக்காது என்று திட்டவட்டமாகச் சொன்னது. அதே தீர்மானத்தில் இன்னொரு வாசகமும் இருக்கிறது. தான் தேவ அருளில் இருப்பதாக எவனும் விசுவாச சத்தியத்துக்கு உரிய நிச்சயத்தோடு அறிய முடியாது என்பது அது. ஆணவத்துக்குத் தடைபோட எழுதிய வாசகம். ஆனால் சாதாரண ஜனங்களின் காதில் முதல் பாதி விழாமல், இரண்டாம் பாதி மட்டும் விழுந்துவிட்டது.

லொரான் மடத்தில் சேர்ந்த அதே 1640-இல், இப்ர் நகரத்து ஆயராக இருந்து காலமான ழான்சேன் என்பவருடைய பெரிய லத்தீன் நூல் அச்சாகி வெளிவந்தது. தேவ அருள் தெரிந்தெடுக்கப்பட்ட சிலருக்கே என்று கொள்ளத்தக்க கடுமையான போதனை அதில் இருந்தது. 1643-இல் அந்துவான் அர்னோ என்பவர் அடிக்கடி நன்மை வாங்குவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் விளைவாக, தகுதி போதாது என்று பயந்து பக்திமான்களே நன்மை வாங்காமல் பின்வாங்கினார்கள். 1653-இல் ரோமாபுரி ழான்சேன் நூலிலிருந்து திரட்டிய ஐந்து கூற்றுகளைக் கண்டனம் செய்தது. ஆனால் அந்தக் கசப்பு பிரெஞ்சுப் பக்தியில் ஊறிப்போய் நின்றது.

நாம் படித்த பஸ்காலும் அந்தக் கூட்டத்தோடு நெருங்கியவர்தான். 1654 நவம்பர் 23-ஆம் தேதி இரவு தனக்குக் கிடைத்த தெய்வ அனுபவத்தை ஒரு தாளில் எழுதி, அதைச் சட்டையின் உள்பக்கத்தில் வைத்துத் தைத்துக்கொண்டார். 1662-இல் அவர் இறந்த பிறகுதான் மற்றவர்களுக்கு அது தெரிந்தது. அத்தனை பெரிய அறிவாளிக்கும் நிச்சயத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

1776-இல் சேசுசபையாருக்குப் பதிலாகப் பாரிஸ் அந்நிய வேத போதக சபைக் குருக்கள் நம் பக்கத்து மிஷனை ஏற்றார்கள். அவர்கள் செய்த உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. இருந்தாலும் எங்கள் சிறுவயதில் சம்பா கோயிலிலும் மற்றக் கோயில்களிலும் கேட்ட தவக்காலப் பிரசங்கங்களை நினைத்துப் பார்க்கிறேன். சாவு, தீர்வை, நரகம், மோட்சம் என்ற நான்கில் நரகத்துக்குத்தான் நேரம் அதிகம். உத்தரிக்கிற ஸ்தலத்தின் வேதனையைக் கேட்டுவிட்டு இரவு தூக்கம் வராமல் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு படுத்த பிள்ளைகள் நாங்கள். பழைய பாரிசின் குளிர்காற்று நம் வெயிலிலும் கொஞ்சம் வீசியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான்கு ஆண்டு இருட்டு

லொரான் சகோதரர் மடத்தில் சேர்ந்தபோது ஒன்றை எதிர்பார்த்தார். தன் தடித்தனத்துக்காக அங்கே தோலை உரிப்பார்கள், அந்தப் பாடுகளையெல்லாம் தன் பாவத்துக்குப் பரிகாரமாக ஒப்புக்கொடுக்கலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் ஆண்டவர் தன்னை ஏமாற்றிவிட்டார், அங்கே திருப்தியைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை என்று பின்னாளில் வேடிக்கையாகச் சொல்வார்.

அந்தத் திருப்தி முதலிலேயே வந்துவிடவில்லை. தான் நரகத்துக்குத் தீர்மானிக்கப்பட்டவன் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. உலகத்தில் உள்ள எல்லோரும் திரண்டு வந்து இல்லை என்று சொன்னாலும் அதை அசைக்க முடியவில்லை. நான்கு ஆண்டு அப்படி இருந்தது. முதல் பத்தாண்டுமே கஷ்டந்தான் என்று ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பழைய பாவங்கள் கண்முன்னே நிற்கும். தேவன் கொடுக்கும் சகாயங்களும் கூடவே வரும். இரண்டும் எப்படி ஒன்றாக இருக்க முடியும் என்று மனசு குழம்பும். எல்லா வேலையும் நடுவில் நடக்கத்தான் செய்தது. அடுப்பு மூட்ட வேண்டும், காய்கறி நறுக்க வேண்டும், மணி அடித்தால் மடத்தாருக்குச் சாப்பாடு தயாராக இருக்க வேண்டும்.

அவர் வெளியே வந்தது எப்படி? நீ இரட்சிக்கப்பட்டாய் என்று ஓலை வந்து வெளியே வரவில்லை. அவர் தனக்குள் இப்படி ஒரு தீர்மானத்துக்கு வந்தார்: நான் மடத்துக்கு வந்தது தேவனை நேசிப்பதற்காக. இதுவரை எதைச் செய்தாலும் அவருக்காகவே செய்யப் பார்த்தேன். என் முடிவு கெட்டதோ நல்லதோ, இனிமேலும் அப்படியே செய்வேன். அப்படியானால் சாகும்வரை அவரை நேசித்தேன் என்ற அந்த ஒன்றாவது எனக்கு மிஞ்சும். இந்த இடத்துக்கு வந்து, கஷ்டத்தோடேயே செத்தாலும் சாகலாம் என்று ஒப்புக்கொண்ட பிறகு, ஒருநாள் திடீரென்று மனசு மாறிவிட்டது. அதற்குப் பிறகு மோட்சத்தையும் நரகத்தையும் பற்றிக் கவலைப்படவே தனக்கு நேரம் இருக்கவில்லை என்பார். சாகும்வரை அந்தச் சந்தோஷம் போகவில்லை.

இதை வாசித்தபோது எனக்கு விளங்கிய விஷயத்தைச் சொல்கிறேன். பயந்த காலத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்தது தன்னைத்தான். தன் பாவம், தன் தகுதி, தன் கதி. பார்வை கொடுத்தவர் பக்கம் திரும்பியதும் கொடை ஏற்கெனவே கையில் இருந்தது தெரிந்தது. ஒரு கடிதத்தில் அவர் தன்னை ஒரு குற்றவாளிக்கு ஒப்பிடுகிறார். எல்லாக் குற்றமும் செய்தவன் ராஜாவின் முன்னால் போய் விழுகிறான். என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள் என்கிறான். ராஜாவோ தண்டிக்காமல் கட்டித் தழுவி, தன் பந்தியில் உட்கார வைத்து, தன் கையாலேயே பரிமாறி, கஜானாச் சாவியையும் கொடுக்கிறார். வாழ்நாள் முழுக்கப் பிறருக்குச் சமைத்துப் போட்ட ஒரு மனிதர், கடவுளே தனக்குப் பரிமாறுவதாக எழுதினார் என்பதை நினைத்தால் மனசு இளகுகிறது.

அடுப்படி வாழ்க்கை

ழொசேப் தெ போஃபோர் என்ற குரு 1666 ஆகஸ்டு 3-ஆம் தேதி லொரான் சகோதரரை முதன்முதலாகச் சந்தித்தார். பேசியதையெல்லாம் வீட்டுக்குப் போய் எழுதி வைத்தார். நான்கு உரையாடல்களும் பதினாறு கடிதங்களும் நமக்குக் கிடைத்திருப்பதற்கு அவரே காரணம்.

அவற்றில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வேலை தொடங்கும்போது தேவனிடம் சொல்லிவிட்டுத் தொடங்குவார். நடுவில் இரண்டொரு வார்த்தை அவரோடு பேசுவார். முடிந்ததும் நன்றாகச் செய்திருந்தால் நன்றி சொல்வார். தவறியிருந்தால் மன்னிப்புக் கேட்பார்; நீர் என்னைத் தனியே விட்டால் நான் இப்படித்தான் செய்வேன் என்று சொல்லிவிட்டு, அதையே நினைத்து மறுகாமல் அடுத்த வேலையைப் பார்ப்பார். கவனம் சிதறினால் தன்னைத் திட்டிக்கொள்ளாமல் மெதுவாகத் திருப்பிக் கொண்டுவருவார். சட்டியில் ஆம்லெட் புரட்டுவதையும் தேவ அன்புக்காகவே செய்வேன் என்பார். வேறு வேலை இல்லையென்றால் தரையில் கிடக்கும் ஒரு துரும்பை எடுத்துப் போடுவதும் அதற்காகத்தான். ஜெபநேரம் என்றும் வேலைநேரம் என்றும் தனக்கு வித்தியாசம் இல்லை; சமையற்கட்டின் இரைச்சலில், நாலு பேர் நாலு பொருள் கேட்கும்போதும், திவ்விய நற்கருணைக்கு முன்னால் முழங்காலில் இருப்பதுபோல அமைதியாக இருக்கிறது என்று சொன்னார்.

பதினைந்து ஆண்டுக்குப் பிறகு, அவர் கால் நிலையைப் பார்த்து, சமையற்கட்டிலிருந்து மாற்றிச் செருப்புத் தைக்கும் வேலை கொடுத்தார்கள். கார்மெல் துறவிகள் பாதரட்சை மட்டும் அணிகிறவர்கள் ஆகையால் அது மடத்தில் ஓயாத வேலை. நடுவில் மடத்துக்குத் திராட்சரசம் கொள்முதல் செய்ய ஓவேர்ஞ் பக்கமும், மறுபடி பூர்கோஞ் பக்கமும் அனுப்பினார்கள். வியாபாரம் தெரியாதவர், காலும் சரியில்லை. படகில் பீப்பாய்களின் மேல் உருண்டுதான் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக முடிந்தது. ஆண்டவரே, இது உம்முடைய வேலை என்று சொல்லிவிட்டுப் போனேன், நன்றாகவே முடிந்தது என்று அதையும் சந்தோஷமாகச் சொல்கிறார். அவர் பாரிசில் இப்படி வாழ்ந்துகொண்டிருந்த 1674-இல்தான் பிரான்சுவா மர்தேன் நம் ஊர்க் கடற்கரையில் கும்பினிக்கு இடம் பிடித்துக் குடியமர்ந்தார். நம் ஊர்ச் சரித்திரப் புத்தகங்களில் மர்தேன் இருக்கிறார். அந்தச் செருப்புத் தைத்தவரையும் நாம் தெரிந்து வைத்துக்கொள்வதில் தப்பில்லை.

சர்வீஸ் புத்தகமும் வீட்டுச் சாவியும்

நான் குமாஸ்தாவாகக் காலம் கழித்தவன். சிப்பந்திகளின் சர்வீஸ் புத்தகம் எழுதுவது பல வருஷம் என் மேசை வேலை. சேர்ந்த தேதி, இன்கிரிமென்ட், எடுத்த விடுப்பு, சம்பளமில்லாத விடுப்பு, கணக்கில் சேராத நாட்கள், தண்டனை இருந்தால் அது, எல்லாம் பக்கம் பக்கமாக ஏறும். ஓய்வு பெறும் நாளில் அதை வைத்துத்தான் பென்ஷன் கணக்கு. ஒரு நாள் விட்டுப்போனாலும் தணிக்கைக்காரர் ஆட்சேபணை எழுதுவார். ஓய்வு பெறும் மனிதர் கையைப் பிசைந்துகொண்டு எதிரே நிற்பார்.

கோயில் வாசலில் என் வயதுக்காரர்கள் கேட்கும் கேள்வியில் அதே கை பிசைதலைப் பார்க்கிறேன். நாம் எல்லோரும் மேலே ஒரு சர்வீஸ் புத்தகம் இருப்பதாக நினைக்கிறோம். இத்தனை பூசை, இத்தனை நவநாள், இத்தனை பாவம், இத்தனை பலன். அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் நாலாம் அதிகாரத்தில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார். வேலை செய்தவனுக்குக் கிடைப்பது கூலி, அது கடன். தேவன் தருவது அந்தக் கணக்கில் வராது என்கிறார். பென்ஷன் வாங்கப் போகிறவன் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு விண்ணப்பம் எதற்கு? சாவி கையில் இருக்கிறது, இல்லாவிட்டால் கதவைத் தட்டினால் அம்மா திறப்பாள்.

அப்படியானால் எதுவும் செய்ய வேண்டாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லொரான் சகோதரர் வாழ்க்கையைப் பார்த்தால் பதில் கிடைக்கும். பயம் போன பிறகு அவர் வேலையைக் குறைத்துக்கொள்ளவில்லை. பாவசங்கீர்த்தனத்தை விடவில்லை, மடத்து ஒழுங்கை விடவில்லை. பிடிக்காத சமையலைத்தான் பதினைந்து ஆண்டு செய்தார். வேறுபாடு ஒன்றே: முன்பு வாங்குவதற்காகச் செய்தார், பிறகு வாங்கிவிட்ட சந்தோஷத்தில் செய்தார். என் இல்லாளுக்கு முழங்கால் வலி வந்ததிலிருந்து காலைக் காபியும் காய்கறி அரிவதும் பாத்திரம் கழுவுவதும் என் பொறுப்பாகிவிட்டன. ஒரே பாத்திரத்தை முணுமுணுத்துக்கொண்டும் கழுவலாம், சந்தோஷமாகவும் கழுவலாம். தண்ணீர் செலவு ஒன்றுதான். ஆனால் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசம் காதிலேயே தெரிந்துவிடும்.

வீட்டில் மறந்தார்கள், வெளியில் காத்தார்கள்

லொரான் சகோதரர் இறந்த பிறகு போஃபோர் 1692-இலும் 1694-இலும் அவருடைய வாசகங்களையும் உரையாடல்களையும் அச்சிட்டார். ஆனால் நேரம் சரியில்லை. அப்போது பிரான்சில் கியேத்திசம் என்ற சர்ச்சை மூண்டிருந்தது. ஆத்துமா தேவனிடம் தன்னை ஒப்படைத்துவிட்டுத் தன் மீட்பைப் பற்றிய கவலையையும் விட்டுவிடலாமா என்பது வழக்கு. ஒரு பக்கம் பொசுயே, மறுபக்கம் ஃபெனெலோன். பள்ளிக்கூடத்தில் இருவரையும் பாஷை அழகுக்காகப் படித்தோமே தவிர, எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியாது. ஃபெனெலோன் லொரான் சகோதரரை அவர் நோயுற்றிருந்தபோது நேரில் கண்டு பேசியவர். 1699 மார்ச்சில் ஃபெனெலோனுடைய புத்தகத்தை ரோமாபுரி கண்டனம் செய்தது. அவர் பணிந்து ஏற்றுக்கொண்டார். அந்தக் கலக்கத்தில், குற்றம் சாட்டப்படாத சமையற்காரரின் சிறு புத்தகமும் கத்தோலிக்கர் கைகளிலிருந்து நழுவியது.

அதைக் காப்பாற்றியவர்கள் புரொட்டஸ்டாண்டுகள். மெட்ஸ் நகரத்தில் பிறந்து ஒல்லாந்தில் குடியிருந்த பியேர் புவாரே 1699-இல் அதை மறுபடி அச்சிட்டார். இங்கிலாந்தில் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, தம் மக்கள் வாசிப்பதற்காக 1749 முதல் 1755 வரை வெளியிட்ட ஐம்பது தொகுதிகளில் லொரான் சகோதரரின் கடிதங்களையும் சேர்த்தார். வெஸ்லியும் தன் மீட்பைப் பற்றி வருஷக்கணக்கில் பதைத்தவர். 1738 மே 24-ஆம் தேதி இலண்டன் அல்டர்ஸ்கேட் தெருக் கூட்டம் ஒன்றில்தான் அவர் மனசு அனலடைந்து நிம்மதி பெற்றது. அந்த அனுபவம் உள்ளவருக்கு இந்தச் சமையற்காரர் பேச்சு பிடித்துப் போனதில் ஆச்சரியம் இல்லை.

கார்மெல் சபையிலேயே இருநூறு ஆண்டு கழித்து லிசியே பட்டணத்தில் இன்னொருவர் வந்தார். நம் வீடுகளில் படம் மாட்டியிருக்கும் குழந்தை தெரேசம்மாள்தான். 1897-இல் இருபத்து நான்கு வயதில் மரித்தவர், 1997-இல் திருச்சபையின் மறைவல்லுநர் என்று அறிவிக்கப்பட்டார். தன் புண்ணியங்களை எண்ணிக் காட்டாமல் வெறுங்கையோடு ஆண்டவர் முன்னால் போக விரும்பியவர் அவர். 1999 அக்டோபர் 31-ஆம் தேதி ஜெர்மனியின் அவுக்ஸ்பூர்க் நகரத்தில், லுத்தரன் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. மீட்பு தேவ அருளால் மட்டுமே, நம் தகுதியால் அல்ல என்று இரு தரப்பும் ஒரே குரலில் சொன்னார்கள். 2006-இல் மெதடிஸ்டுகளும் அதில் சேர்ந்தார்கள். நூற்றாண்டுக் கணக்கில் தர்க்கம் செய்து எல்லோரும் வந்து சேர்ந்த இடத்தில், லொரான் சகோதரர் கரண்டியோடு முன்பே நின்றுகொண்டிருந்தார்.

அவர் 1691 பிப்ரவரி 12-ஆம் தேதி பாரிசில் இறந்தார். எழுபத்தேழு வயது இருக்கும். கடைசி நாட்களில் வலி கடுமை. படுக்கையில் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். நித்தியத்தில் என்ன செய்யப் போகிறேனோ அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், தேவனைப் போற்றுகிறேன், ஆராதிக்கிறேன், முழு மனசோடு நேசிக்கிறேன் என்றார். ஒருகாலத்தில் நான்கு வருஷம் தன்னை நரகத்துக்குச் சேர்ந்தவன் என்று நம்பிய மனிதரின் பதில் இது. அவருடைய மடம் இருந்த இடத்தில் இன்றைக்குப் பாரிஸ் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் நடக்கிறது. பக்கத்திலேயே பழைய கார்மெல் கோயிலும் இருக்கிறது. பிரான்சுக்குப் பிள்ளைகளைப் பார்க்கப் போகிற நம்மவர்கள் ஏஃபேல் கோபுரத்தைப் பார்த்த பிறகு ஒருநடை அங்கேயும் போய் வரலாம்.

போக முடியாதவர்களுக்கும் குறை ஒன்றும் இல்லை. அடுப்படி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. என் வயதுக்காரர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: வாங்கிவிட்டோமா என்று இன்னும் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்க நமக்கு வருஷங்கள் அதிகம் இல்லை. நன்றி சொல்லிவிட்டு இன்றைக்கு உள்ள வேலையைப் பார்ப்போம். மருந்து மாத்திரை எடுத்து வைப்பது, பேரப்பிள்ளைக்குப் பதில் சொல்வது, துணையாக இருப்பவருக்கு ஒரு தம்ளர் கஞ்சி ஆற்றிக் கொடுப்பது, எதுவாக இருந்தாலும் சரி.